சாம்பிள் நாளில் மட்டும் நல்ல தண்ணீர்

பிச்சமுத்துவை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்துகளுக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர்தான். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பதும் அவர் வேலை. நான் குழாய் ரிப்பேர் பார்க்கிறவன். ஆளை நன்றாகவே தெரியும். கெட்டவர் இல்லை. செய்த காரியம்தான் கெட்டது.

மாதாமாதம் பரிசோதனைக் கூடத்து வைஷ்ணவி ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, தெருக்குழாயில் சாம்பிள் பிடித்துப் போவார். தண்ணீர் வர வேண்டுமே என்று முதல் நாளே போன் செய்வார். போன் வந்ததும் பிச்சமுத்து தொட்டியில் பவுடரை அளவுக்கு மேல் அள்ளிக் கொட்டிவிடுவார், அந்த ஒருநாள் தண்ணீரில் கிருமி தங்காது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டைக் கழுவிவிடுவதில்லையா, அவருக்கு அப்படித்தான்.

"என்னண்ணா, தண்ணி நீச்சல் குளம் மாதிரி மணக்கறது?" என்று வைஷ்ணவி ஒருமுறை கேட்டார்.

"சுத்தத்தோட வாசனை மேடம் அது!"

ரிசல்ட் எப்போதும் நல்லதாகவே வந்தது. அதில் அவருக்குப் பெருமை வேறு. அந்த ரிசல்ட்டைப் பார்த்துத்தான் எந்தத் தெருவுக்குப் புதுக்குழாய் என்று மேலே முடிவு செய்கிறார்கள். அதை மனுஷன் யோசிக்கவே இல்லை. சாக்கடைக்குள் ஓடுகிற எங்கள் பழைய குழாய் அப்படியே கிடந்தது.

போன மழைக்காலத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை அப்துல் மாலிக்கின் மகள் இக்ராவுக்கு மஞ்சள் காமாலை. பிளஸ் டூ படிக்கிற பெண். பிச்சமுத்து சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். கூட நானும் போனேன். கண்ணெல்லாம் மஞ்சளாகச் சுருண்டு கிடந்தாள்.

அவள் அம்மா வஹீதா சொன்னார்: "தண்ணியாலதான்னு டாக்டர் சொல்றாருண்ணே. நம்ம தண்ணி நல்லாருக்குன்னு ஆபீஸ்லயே சொல்லிட்டாங்களே. வெளில கண்டதையும் குடிச்சியாடின்னு கேட்டா, இல்லவே இல்லங்கறா. பொய் சொல்றாளேன்னு நேத்து அடிச்சிட்டேன்."

பிச்சமுத்து சாத்துக்குடிப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே வெளியே வந்துவிட்டார். தெருமுனையில் நின்று எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினார்.

"யோவ், பரீட்சையில நீயே பதில எழுதிக் குடுத்துட்டு, பாஸு பாஸுன்னு பீத்திக்கிட்டிருந்தியா?" என்றேன்.

"சொன்னா வேல போயிடும்யா."

"போகட்டும். அந்தப் புள்ள அடி வாங்கிக்கிட்டுக் கெடக்கு."

மறுநாள் அவரே வைஷ்ணவிக்குப் போன் செய்தார். வைஷ்ணவி வந்தார், கேட்டார், கத்தவில்லை. "வாடை எனக்கும்தான் தெரிஞ்சது. ஏன்னு தோண்டிக் கேக்காம விட்டுட்டேனே," என்று சொல்லிவிட்டுக் குழாயடியில் குனிந்தார். அன்றைக்குத் தொட்டியில் வழக்கமான அளவு பவுடர்தான். சந்தில் பல வீடுகளில் பிடித்துப் போனதில் கிருமி இருப்பது தெரிந்துபோனது.

அந்த ரிசல்ட்டை மேலே கொண்டுபோய் வைத்ததும் புதுக்குழாய் எங்கள் சந்துக்கு முதலில் என்று முடிவானது. இப்போதெல்லாம் சாம்பிள் எடுக்க எந்தத் தெருவுக்கும் சொல்லாமல்தான் வருகிறார்கள். பிச்சமுத்துவுக்கு மெமோ கொடுத்தார்கள், வேலை தப்பியது. ஆனால் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளம் தோண்ட ஆள் வந்த அன்று மாலிக் வீட்டு வாசலில் போய் நின்று, வஹீதாவிடம் தலையைக் குனிந்தபடி நடந்ததைச் சொல்லி முடித்தார்.

 "எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க," என்று வஹீதா உள்ளே கையைக் காட்டினார்.

அவர் சொன்னதையெல்லாம் இக்ரா படுத்தபடியே கேட்டாள். அரையாண்டுப் பரீட்சை எழுதாத பிள்ளை.

"அப்ப நான் பொய் சொல்லலன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியும். அப்படித்தானே மாமா?"

"தெரியும்மா," என்றார் பிச்சமுத்து.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.