சத்தத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவன்

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை என் அண்ணன் காணாமல் போனார். மதினி போன் செய்தபோது காலை பத்தரை மணி. நான் கொடைக்கானலில், வேலை பார்க்கிற பள்ளிக்கூட நூலகத்தில், யாரும் கேட்காத புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, உங்க அண்ணனைக் காணோம். மாட்டுக்குத் தண்ணி வச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள ஆளு இல்ல. வெரசா வாங்க. பனி கண்ணு தெரியாம கெடக்கு."

அண்ணன் கந்தசாமிக்கு அறுபத்திரண்டு வயது. அதற்கு முந்தைய மார்கழியில் பக்கவாதம் வந்தது. காலும் கையும் பாதி திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை. பத்து மாதமாக ஒரு சொல் கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் பார்ப்பார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பனிக்குள் நடந்து போய்விட்டார். எங்கள் ஊர் பேத்துப்பாறையில் தோட்டம் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பது வெயில் நாளிலேயே சந்தேகம்.

இருபது பேர் தேடினோம். "அண்ணே", "மாமா", "பெரியப்பா" என்று அவரவர் முறை வைத்துக் கூப்பிட்டார்கள். பதில் சொல்ல முடியாத மனிதரைப் பேர் சொல்லித் தேடுவது, அணைத்து வைத்த போனுக்குத் திரும்பத் திரும்ப அடிப்பது மாதிரி. மணி மூன்றானது. ஜீப் ஓட்டுகிற முத்துராசு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அஞ்சு மணிக்கு மேல உள்ள எறங்க முடியாதுண்ணே. கீழ காட்டுமாடு நிக்குது. குளிரு வேற" என்றார். மிச்சத்தை அவர் சொல்லவில்லை. நனைந்த வேட்டியோடு ஓர் இரவு அண்ணன் தாங்கமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் என் பக்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அதிகம் இல்லை, அதுதான் சங்கதி.

கொடைக்கானலில் மலை விளிம்பில் ஒரு முருகன் கோயில் இருக்கிறதல்லவா? வானம் வெளுத்திருந்தால் அதன் பின்பக்கம் நின்று பார்க்கும்போது பழனி மலை எங்கோ கீழே, கவிழ்த்து வைத்த கிண்ணம்போலத் தெரியும். எல்லோரும் பழனி ஆண்டவனை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிறார்கள். நான் குனிந்து பார்த்துக் கும்பிட்டவன். வேலை முடிந்து வருகிற வழியில், ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, கன்னத்தில் இரண்டு போடு. அவருக்கும் எனக்கும் நடுவில் நல்ல தூரம், நல்ல காற்று. ஒருவருக்கொருவர் தொந்தரவில்லை.

தைப்பூசத்துக்கு அண்ணன், இதை வாசிக்கிற நீங்களெல்லாம் இருக்கும் நம் பாதயாத்திரைக் குழுவோடு காவடி எடுத்துப் பழனிக்குக் காட்டுப் பாதையில் இறங்குவார். நான் பஸ்ஸில் போய், அடிவாரத்தில் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு, காலில் கொஞ்சம் புழுதியைப் பூசிக்கொண்டு கூட்டத்தில் சேர்ந்துகொள்வேன். நம் குழுவின் பழைய போட்டோக்களில் புழுதி இவ்வளவு சீராகப் படிந்த கால் யாருடையது என்று பார்த்தால் தெரியும்.

அண்ணன்தான் முதல் குரல். "வெற்றிவேல் முருகனுக்கு" என்று அவர் எடுத்தால் நூறு பேர் "அரோகரா" என்பார்கள். நூற்றொன்றாவதாக என் வாய் அசையும். சத்தம் வராது. நாலு புத்தகம் வாசித்தவன் நடுத்தெருவில் நின்று கத்துவதா?

அண்ணன் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். "ஏலே, வாய் மட்டும் அசையுது? சத்தத்தை வீட்டுல வச்சுட்டு வந்துட்டியா?" கூட்டமே சிரித்தது. "தொண்டை கட்டியிருக்குண்ணே" என்றேன். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே கேள்வி, அதே பதில். தைப்பூசத்தன்று மட்டும் தவறாமல் கட்டிக்கொள்ளும் தொண்டை எனக்கு.

அன்று மூன்று மணிக்கு, பீன்ஸ் தோட்டத்து வரப்பில் நின்று, நான் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். முருகா, முடிந்தால் பார்த்துக்கொள். முடியாவிட்டால் எங்களுக்குத் தாங்கும் மனசைக் கொடு. மதினி திரும்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி முணுமுணுக்கிறீங்க?"

"சாமி கும்பிடுறேன் மதினி."

"பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை கணக்கா இருக்கு. வாயத் தொறந்து கூப்பிடுங்க. உங்க அண்ணன் கூப்பிடுவாருல்ல, அப்படிக் கூப்பிடுங்க."

நான் அசையவில்லை. பக்கத்து ஹோம்ஸ்டேயில் தங்கியிருந்த நாலைந்து பேர் பனியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் வெட்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். உண்மை வேறு. மெதுவாகக் கேட்டால், சாமிக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். சத்தமாகக் கூப்பிட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், என்னிடம் ஒன்றுமே மிச்சமிருக்காது. இருபது வருஷமாக நான் வாயை மட்டும் அசைத்ததற்குக் காரணம் நாகரிகமல்ல. பயம்.

"தம்பி" என்றார் மதினி. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் குரல் உடைந்திருந்தது.

நான் எடுத்தேன். முதல் தடவை வந்ததைக் குரல் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் தோளில் தூங்கி விழுகிறவரை நகரச் சொல்லும்போது வருமே, அது. ஹோம்ஸ்டேக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். முருகா, என் அண்ணனைக் கொடு. இன்றைக்கே கொடு. 'முடிந்தால்' எல்லாம் இனிமேல் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து எடுத்தேன்.

"வெற்றிவேல் முருகனுக்கு!"

தோட்டத்தில் நின்றவர்கள் பழக்கத்தில் "அரோகரா" என்றார்கள். அவர்கள் சொல்லி முடித்த பிறகு, ஒரு மூச்சு நேரம் கழித்து, இடப்பக்கம் கீழே, பனிக்குள்ளிருந்து இன்னொன்று வந்தது.

"...ரோகரா."

முத்துராசு கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். மதினிதான் முதலில் பேசினார். "அது அவரு சத்தம். அவரு சத்தம்தான்."

அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ புத்தகங்களில் தெய்வம் பேசுகிற இடங்களை வாசித்து, நடை நன்றாக இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அன்று பென்சில் ஞாபகமே வரவில்லை. தோலெல்லாம் சிலிர்த்துக் கெட்டியாகிவிட்டது. பத்து மாதமாகப் பேசாத வாய் பேசியது. நான் கூப்பிட்டேன், பதில் வந்தது.

மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வந்தது. நான் வரப்பில் நின்று எடுக்க எடுக்க, அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் இறங்கினார்கள். ஏழாவது தடவை முத்துராசு "இருக்காருண்ணே!" என்று அலறினார். உண்ணிச்செடிப் புதரில் வேட்டி மாட்டிக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். புதருக்கு அந்தப் பக்கம் இரண்டு முழம் தாண்டினால் தரை இல்லை.

மேலே தூக்கி வந்து கம்பளி போர்த்தினோம். அண்ணன் என்னைப் பார்த்தார். ஓடுகிற இடது கையைத் தூக்கி, ஒரு விரலை என் தொண்டைக்குழியில் வைத்தார். பாதி முகத்தால் சிரித்தார். அவர் கேட்க வந்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

டாக்டரிடம் சொன்னோம். ஆச்சரியமில்லை என்றார் அவர். பேச்சு போனவர்களுக்கும் பாட்டும் சாமி பேரும் மூளையில் வேறொரு பக்கம் தங்கியிருக்குமாம். நம்புகிறேன். அந்தச் சொல் எந்த இடத்தில் பத்திரமாக இருந்தது என்று அவர் சொல்லிவிட்டார். பத்திரமாக வைத்தது யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இன்னும் அண்ணனுக்கு அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் அரோகரா, டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றாலும் அரோகரா. மதினிக்கு எல்லாம் விளங்குகிறது. இந்தத் தைப்பூசத்துக்கு நான் அவர் காவடியை எடுத்துக் காட்டுப் பாதையில் இறங்கினேன். உள்ளங்காலில் ஆறு கொப்புளம். புழுதி பூசுகிற வேலை மிச்சமானது. அண்ணனை முத்துராசு ஜீப்பில் கொண்டுவந்து அடிவாரத்தில் இறக்கினார். வருஷா வருஷம் புழுதி பூசக் குனிந்த அதே இடத்தில் நின்று, முதன்முறையாக மலையை அண்ணாந்து பார்த்தேன். எவ்வளவு உயரம்!

நம் குழுவில் இன்னும் இரண்டு மூன்று பேருக்குத் தொண்டை கட்டியிருப்பதைக் கவனித்தேன். இருபது வருஷம் அதே சோலி பார்த்தவன் கண்ணுக்குத் தப்பாது. பேர் சொல்லமாட்டேன். பதில் வராமல் போய்விடுமோ என்ற பயம்தானே? எனக்கும் அதுதான் இருந்தது. அடுத்த தைக்கு என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். முதல் குரல் நான் எடுக்கிறேன், கொஞ்சம் கரகரக்கும். நீங்கள் வாயை அசைத்தால் மட்டும் போதாது. இந்தப் பக்கம் அண்ணன் உட்கார்ந்திருப்பார், காது அவருக்கு நன்றாகக் கேட்கும்.