மேகமில்லாமல் ஏறிய தண்ணீர்

பெரம்பலூர்க்காரனுக்குத் தண்ணீர் மேலேயிருந்து வர வேண்டும். வானம் கறுக்கும், காற்று வீசும், அரை மணி நேரம் மிரட்டிவிட்டுப் பக்கத்து ஊரில் பெய்யும். அதுதான் முறை. ஐம்பத்திரண்டு வயதுவரை இந்த நம்பிக்கையோடு வாழ்ந்தவனைக் கடலோரம் கூட்டிப்போனது என் மனைவி.

அவள் அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர்கள் சேர்ந்து பிச்சாவரம் பக்கம் அலையாத்தி மரம் நடப் போனார்கள். கரையைக் கடல் அரிக்காமல் அந்த மரத்தின் வேர்கள்தான் பிடித்துக்கொள்ளுமாம். "வேன்ல ஒரு சீட்டு காலியா இருக்கு, வாங்களேன்" என்றாள். என் சுற்றுச்சூழல் ஆர்வத்தின் முழு வரலாறு அந்த ஒரு சீட்டுதான்.

நடுவதற்குக் கொடுத்தது முருங்கைக்காய் போல நீண்ட முளைவிதை. கூரான முனையைச் சேற்றில் செருகினால் போதும். தோணிக்கார அம்மா ஒருவர் எங்களைச் சேற்றுத்திட்டில் இறக்கிவிட்டு, "பதினோரு மணிக்கு மேல தண்ணி ஏறும். கூப்புட்டா ஒடனே வந்துடுங்க" என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. கடல் ஏறி இறங்கும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆனால் அது பரீட்சைக்கு.

சொன்னபடியே அந்த அம்மா கூப்பிட்டார். எல்லோரும் தோணியை நோக்கி நடந்தார்கள். நான் மட்டும் இன்னும் நாலு நட்டுவிடலாமென்று ஓரத்துக்குப் போய் வலது காலை வைத்தேன். முழங்கால்வரை இறங்கியது. அதை எடுக்க இடது காலை ஊன்றினேன். அதுவும் துணைக்குப் போனது.

"ஏங்க, அங்க என்ன பண்றீங்க?" என்று அவள் திரும்பிக் கத்தினாள்.

"நட்டுக்கிட்டிருக்கேன்."

"எதை?"

"என்னைத்தான்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதுதான் சேற்றின் மேல் ஒரு பளபளப்பு வந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை. எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் தண்ணீர் தொடைக்கு ஏறிவிட்டது. காலை இழுக்க இழுக்கச் சேறு இன்னும் இறுக்கியது. எனக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

அவள் என்னை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

"வராத! அங்கயே நில்லு!"

"கையக் குடுங்க."

"நீயும் மாட்டிக்குவடி, நில்லுன்னு சொல்றேன்ல!"

இருபத்தாறு வருடத்தில் அவளை 'டி' போட்டுப் பேசியது அன்றுதான். கோபித்துக்கொண்டாவது நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இரண்டு கை தூரத்தில் அவளும் முழங்கால்வரை புதைந்தாள். அதுவரை எனக்கு இருந்ததைப் பயம் என்று சொல்லக்கூடாது. தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது. அவள் என்னைவிடக் குட்டை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தோணி வந்தது. அந்த அம்மா முதலில் அவளை இழுத்து ஏற்றினார். பிறகு என்னிடம், "நிக்காதீங்க சார், குப்புறப் படுங்க" என்றார்.

"தண்ணியிலயா?"

"பின்ன, பாய் விரிக்கட்டுமா? தோணி வெளிம்பப் புடிச்சுக்கிட்டுப் படுங்க."

படுத்தேன். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. சேறு ஒவ்வொரு காலாக விட்டுக்கொடுத்தது. ஒரு மீனை அள்ளிப் போடுவதுபோல என்னைத் தோணிக்குள் போட்டார்கள்.

நாங்கள் நட்டதெல்லாம் தண்ணீருக்குள் போயிருந்தது. "எல்லாம் முழுகிடுச்சே" என்றேன்.

"அது முழுகலாம் சார், அதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் அந்த அம்மா. பிறகு என் வலது கையைப் பார்த்தார். "அது என்னா?"

பக்கத்தில் நட்டிருந்ததைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன் போலிருக்கிறது. சேறு அப்பிய முளைவிதை ஒன்று என் முஷ்டிக்குள் இருந்தது.

"குடுங்க, நாளைக்கு நட்டுடுறேன்."

கொடுக்கத்தான் நினைத்தேன். விரல் திறக்கவில்லை. என் மனைவி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முளைவிதையை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தாள்.