காயடிப்பவன் போட்டுக்கொண்ட ஊசி

என் மச்சான் வித்தோமிரைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எவனையும் நம்பாதீர்கள். அத்தனை பேச்சையும் கிளப்பிவிட்ட பாவி நான்தான். அதனால் நடந்ததைச் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

சுற்றுப்பட்ட ஏழு ஊர்களுக்கும் பன்றிக்குட்டிகளுக்குக் காயடிப்பவன் அவன். கத்தியை வைத்ததும் தெரியாது, எடுத்ததும் தெரியாது. குட்டி ஒரு கத்துக் கத்திவிட்டுத் தாயிடம் ஓடிவிடும். என் தங்கை தெசாங்காவைக் கட்டிக்கொண்டான். வரிசையாக மூன்று பெண் குழந்தைகள். மூன்றாவது பிறந்தபோது தெசாங்காவுக்கு இரத்தம் நிற்கவே இல்லை. இரண்டு நாள் நாங்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தோம். இன்னொரு பிரசவம் என்றால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கருத்தடை மாத்திரையும் அவள் உடம்புக்கு ஆகாது, கருத்தடை ஆபரேஷனும் தாங்க மாட்டாள்.

இதை வித்தோமிரின் அப்பா க்வோஸ்தெனிடம் யாரும் சொல்லவில்லை. பெரியவர் பேரனுக்காகக் காத்திருந்தார். குலத்துப் புனிதரின் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும் உரிமை எங்களில் அப்பனிடமிருந்து மகனுக்குத்தான் போகும். மகன் இல்லாத வீட்டைப் பார்த்து, "அங்கே மெழுகுவர்த்தி அணைஞ்சு போச்சு" என்பார்கள். எங்கள் செர்பிய வாயில் அதைவிடக் கொடிய சொல் கிடையாது.

அந்த வசந்தத்தில் தலைநகரில் ஆண்களுக்கு ஒரு புது ஊசியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். விந்து வருகிற குழாய்க்குள் பசை மாதிரி ஒன்றை ஏற்றி அடைத்துவிடுவார்கள். இரண்டு வருடம் தாங்கும், பிறகு தானே கரைந்துவிடும்; வேண்டுமென்றால் முன்னாலேயே எடுத்துவிடவும் செய்யலாம். வித்தோமிர் பெயர் கொடுத்தான். போட்ட அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாதாம். என்னைக் கூட்டிப்போனான்.

திரும்பி வரும்போது கேட்டேன். "வலிச்சுதா மச்சான்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ வாயைத் திறக்காம இருந்தாப் போதும். அப்பா காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான்."

"என்னைய என்னன்னு நினைச்ச? கழுத்துல கத்தி வச்சாலும் சொல்ல மாட்டேன்."

கழுத்தில் எவனும் கத்தி வைக்கவில்லை. அக்டோபரில் பிளம் சாராயம் காய்ச்சும் கொப்பரையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முதல் சூடான கிளாஸ் கைமாறியபோது டிராக்டர் மெக்கானிக் ரதோசாவ் ஆரம்பித்தான். "வித்தோமிரு ஊர்ப் பன்னிக்கெல்லாம் வேலை செய்யறான். வீட்டுல ஒரு ஆம்பளப் புள்ளைக்குத் துப்பில்ல."

என் தங்கை புருஷனைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா? "யாருக்கு இல்லடா துப்பு? அவனே ஊசி போட்டு நிறுத்தி வச்சிருக்கான்!" என்று கத்திவிட்டேன்.

 ரதோசாவ் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "அடேய், காயடிக்கிறவனுக்கே காயடிச்சுட்டாங்களா!"

"வெட்டல, அடைச்சுத்தான் வச்சிருக்கு" என்றேன். யார் கேட்டார்கள்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மறுநாளிலிருந்து குட்டிகளுக்குக் காயடிக்க ஒருவனும் அவனைக் கூப்பிடவில்லை. அவன் கை பட்டால் பன்றி கொழுக்காதாம்! இதைச் சொன்னவன் பள்ளிக்கூட வாத்தியார். பெரியவர் மகனோடு பேச்சை நிறுத்தினார். இரண்டு மாதம் ஒரே வீட்டில் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

டிசம்பரில் அவர்கள் குலத்துப் புனிதரான நிக்கோலாவின் திருநாள் வந்தது. அன்றைக்கு யாரையும் அழைக்க மாட்டோம், வருகிறவன் தானாக வருவான். போன வருடம் நண்பகலுக்குள் நாற்பது பேர். இந்த வருடம் நான் போனபோது முற்றத்துப் பனியில் ஒரு காலடிகூட இல்லை. தெசாங்கா கதவைத் திறந்து, வருகிறவர்களுக்குக் கொடுக்கும், சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தது யாரென்று அவளுக்குத் தெரியும். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அவளைத் தாண்டிப் போனேன்.

உள்ளே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மேசையில் மீன், பீன்ஸ், நடுவே திருநாள் ரொட்டி. பக்கத்தில் பெரியவர் கைப்பட எழுதிய தாள், ஒரு பக்கம் உயிரோடு இருப்பவர்கள் பெயர், மறுபக்கம் போய்ச் சேர்ந்தவர்கள் பெயர். அப்பாவும் மகனும் ரொட்டியைச் சேர்ந்து பிடித்து மூன்று முறை சுற்றித் திருப்பி உடைக்க வேண்டும். வித்தோமிர் கையை நீட்டினான்.

பெரியவர் ரொட்டியை இழுத்துக்கொண்டார். "குலத்தை நிறுத்தினவன் கை இதுல படக்கூடாது. மிலாதின், நீ வந்து பிடி."

நான் பின்னால் நகர்ந்தேன். "மாமா, நான் வேற குலம்."

"ஆம்பளதானே? பிடி."

"பிடிக்க மாட்டேன் மாமா. இன்னொரு புள்ளைன்னா என் தங்கச்சி செத்துருவா. டாக்டர் சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். அதுக்குத்தான் மச்சான் ஊசி போட்டான்."

பெரியவர் மருமகளைப் பார்த்தார். அவள் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். "டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க. நாலாவது கண்டிப்பா பையன்தான்."

வித்தோமிர் கோபப்படவில்லை. அந்தத் தாளை எடுத்து, போய்ச் சேர்ந்தவர்கள் பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு அப்பா முன்னால் வைத்தான்.

"இங்க அம்மா பேரு இருக்கு. மூணு பொண்ணுக்கு அப்புறம் நாலாவதா என்னையப் பெத்துட்டுப் போனா. அதுக்குக் கீழ தெசாங்கா பேரை நீங்களே எழுதிடுங்க. நான் நாளைக்கே போய் அடைப்பை எடுக்கச் சொல்றேன்."

பெரியவர் பேனாவைத் தொடவில்லை. 'ஸ்தமெனா' என்று தான் எழுதிய மனைவி பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.  மெழுகு உருகித் தட்டில் சொட்டியது.

கடைசியில் கேட்டார். "எங்க காலத்துல இந்த ஊசி இருந்துச்சாடா?"

"இல்லப்பா."

"இருந்திருந்தாலும் நான் போட்டிருக்க மாட்டேன்." குரல் உடைந்துவிட்டது. "உங்கம்மா செத்திருப்பா. ஆமா, அப்பவும் செத்துத்தான் இருப்பா."

 பெரியவர் ரொட்டியை அவன் பக்கம் நீட்டினார்.

"பிடிடா" என்றார்.