மச்சான் கிணற்றில் முளைத்த பயிர்

போன வாரம் பாலக்கோட்டில் ஒரு கல்யாணம். பெண், என் மனைவியின் அண்ணன் மகள். தாலி கட்டியாயிற்று. ஒரு பக்கம் பந்தி, ஒரு பக்கம் மேடையில் போட்டோவுக்கு வரிசை. அந்த நேரம் பார்த்து ஹாலில் ஏசி நின்றது.

கரண்ட் போயிருக்கும், ஜெனரேட்டர் போடுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? கரண்ட் போகவில்லை. சீரியல் லைட் மினுக்கிக்கொண்டிருந்தது. கச்சேரிக்காரர் மைக்கில் உருகிக்கொண்டிருந்தார். ஏசி மட்டும் நின்றது.

அது ஏன் நின்றது என்று அந்த ஹாலில் இரண்டு ஆண்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் பெண்ணின் அப்பா, மண்டபத்தின் ஓனர், என் மச்சான் கோவிந்தராஜ். இன்னொருவர்... உங்கள் அபிமான எழுத்தாளன்தான்.

மச்சானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தக்காளி வியாபாரி. தக்காளி விலை ஏறினாலும் இறங்கினாலும் முகத்தில் ஒரே புன்னகை வைத்திருக்கும் அபூர்வப் பிறவி. ஊரில் எல்லோரும் கட்டுகிறார்களே என்று அவரும் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். ஆனால் ஊரில் எல்லோரும் மாட்டுகிற ஏசியை மாட்ட அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. புதுசாக ஏதாவது வேண்டும். அப்படித்தான் ஓசூரிலிருந்து ரேவதி வந்தார்.

ரேவதி இன்ஜினியர். ஒரு வாடகை ஷெட், ஒரு ஃபிட்டர், ஒரு பழைய ஸ்கூட்டர் — இதுதான் அவருடைய கம்பெனி. அவர் மாட்டிக் கொடுத்த மெஷினுக்குப் பெயர் வாட்டர் சோர்ஸ் ஹீட் பம்ப். ஹாலைக் குளிர்விக்கிற மெஷினுக்கு எதற்கு 'ஹீட்' என்று பெயர் என்று நான் கேட்டேன். ரேவதி பொறுமையாகச் சொன்னார். ஹாலில் இருக்கிற சூட்டை எடுத்து, மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற கிணற்றுத் தண்ணீரில் ஏற்றி, தண்ணீரைத் திரும்பக் கிணற்றுக்கே அனுப்பிவிடும். போகிற போக்கில் அந்தச் சூட்டிலேயே மாப்பிள்ளை வீட்டார் குளிக்க வெந்நீரும் போட்டுக் கொடுக்கும்.

அதாவது, ஆயிரம் பேர் மூச்சு விட்டுப் புழுங்கிய புழுக்கத்தில் சம்பந்தி வெந்நீர்க் குளியல் போடுகிறார். இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நம் கல்யாணங்களுக்கு யாராவது கண்டுபிடிக்க முடியுமா?

மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. மண்டபம் பார்க்க வருகிறவர்களுக்கு மேடையையோ சமையல் கட்டையோ அவர் முதலில் காட்டுவதில்லை. நேராக மெஷின் ரூம்தான். பாவம், பெண்ணைப் பெற்றவர்கள் கைகட்டி நின்று கம்ப்ரஸரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

பராமரிப்பு விஷயத்திலும் மச்சான் சளைத்தவர் இல்லை. ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு மாலை போட்டார். எலுமிச்சம்பழம் வைத்தார். பிரஷர் மீட்டர் கண்ணாடி மேலேயே சந்தனத்தை அப்பிப் பொட்டு வைத்தார். அதற்குப் பிறகு மெஷினுக்குள் எவ்வளவு பிரஷர் என்பது ஆண்டவனுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. அடுத்த முறை சர்வீஸுக்கு வந்த ரேவதி அரைமணி நேரம் உட்கார்ந்து சந்தனத்தைச் சுரண்டினார்.

ரேவதி கேட்டதெல்லாம் சுத்தமான தண்ணீர். நம் மாவட்டத்துத் தண்ணீரின் குணம் உங்களுக்குத் தெரியும். வெந்நீர் அண்டாவைப் பார்த்தாலே போதும், உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். அந்தப் படிவை வருஷம் ஒரு தடவை மருந்து விட்டு அலச வேண்டும். தண்ணீர் உள்ளே போகிற வழியில் காபி ஃபில்டர் மாதிரி ஒரு சல்லடை இருக்கிறது. அதை மாதாமாதம் கழற்றிக் கழுவ வேண்டும். சல்லடை அடைத்தால் தண்ணீர் வராது. தண்ணீர் வராவிட்டால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடும். அவ்வளவுதான் கதை.

ஆனால் கிணறு இருப்பது கல்யாண மண்டபத்தில் ஆயிற்றே... அங்கேதான் வந்தது முளைப்பாலிகை.

டவுன் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே சுமங்கலிகள் கூடி, மண் கிண்ணங்களில் நவதானியம் விதைப்பார்கள். முளைவிட்டு வளர்ந்த பயிரைத் தாலி கட்டியதும் கொண்டுபோய் நீர்நிலையில் கரைப்பார்கள். பயிர் செழித்தால் குடும்பம் செழிக்கும் என்பது நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். ஆனால் அந்த மண்ணும் வேரும் கிணற்றுக்குள் போய், மோட்டார் உறிஞ்சி, நேராகச் சல்லடையில் வந்து அப்பிக்கொண்டால்?

மண்டபத்தின் முதல் கல்யாணத்திலேயே அது நடந்தது. யாரோ பாலிகையைக் கிணற்றில் கரைக்க, மெஷின் நிற்க, ரேவதி ஓசூரிலிருந்து ஓடிவர வேண்டியதாயிற்று. அன்றைக்கே மச்சான் கிணற்றுக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டினார். 'கிணற்றில் எதையும் போடாதீர்' என்று பெரிய போர்டு மாட்டினார். சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும்.

அதற்குப் பிறகு அவர் பண்ணிய காவல் இருக்கிறதே, அணைக்கட்டில் கூட அப்படி இருக்காது. பாலிகை கரைக்க வந்த பெண்களை எல்லாம் ஏரிக்குத் துரத்தினார். பாப்பிரெட்டிப்பட்டிப் பெண் வீட்டுச் சித்தி ஒருத்தி, கல்யாண வூட்டுக்காரங்களை இப்படியா வெரட்டுவீங்க என்று அழாத குறையாகக் கேட்டாள். மச்சான் அசையவில்லை. அறிவியல் என்றால் என்னவென்று அவளுக்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்து, கிண்ணங்களோடு ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். கிட்ட இருந்து பார்த்த எனக்கே பெருமையாக இருந்தது.

இப்போது அவர் மகள் கல்யாணத்துக்கு வருவோம்.

மாப்பிள்ளையின் அப்பா சிவராஜ் நம் பக்கத்துக்காரர்தான். பெங்களூரில் செட்டிலாகி, அபார்ட்மென்ட் கட்டி விற்கிறார். புதிதாகக் கட்டப்போகும் கட்டிடத்துக்கு இதே மெஷின் போடலாமா என்று அவருக்கு ஒரு யோசனை. கல்யாணத்தன்று ஓடுகிற மெஷினை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

ரேவதிக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. எந்தக் கஸ்டமரிடம் போனாலும், இது எங்கே ஓடுகிறது, காட்டு என்கிறார்கள். காட்டுவதற்கு அவரிடம் இருந்தது மச்சானின் மண்டபம் ஒன்றுதான். இந்த ஆர்டர் வராவிட்டால் ஷெட்டைக் காலி பண்ணிவிட்டு, பழைய ஃபேக்டரி வேலைக்கே திரும்பிப் போவதாக என் மனைவியிடம் சொல்லியிருந்தார். அதனால் முந்தின நாளே வந்து, சல்லடையைக் கழுவி, எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, மச்சானிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டார். வைகாசி வெயிலில் கிணற்றில் தண்ணீர் ரொம்ப இறங்கியிருக்கிறது, உறிஞ்சுகிற குழாய்க்கு மேலே கொஞ்சம்தான் நிற்கிறது, நாளைக்கு மட்டும் யாரும் எதையும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

"என்னம்மா, எங்கிட்டயே சொல்றியே. போர்டு வெச்சதே நான்தானே?" என்றார் மச்சான்.

தாலி கட்டியதும் பெண்கள் பாலிகைக் கிண்ணங்களோடு கிளம்பினார்கள். ஏரிக்குப் போக வேன் தயாராக நின்றது. என் மனைவி வேனில் ஏறவில்லை. ஏரியில் தண்ணீர் எங்கே இருக்கிறது, பசங்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள், அங்கே கொண்டுபோய் எதில் கரைப்பது என்று அண்ணனிடம் கேட்டாள். விதைத்தவள் அவள். தினமும் தண்ணீர் தெளித்தவள் அவள். கேட்கத்தானே செய்வாள்?

மச்சான் யோசித்தார். ஹால் பக்கம் பார்த்தார். மெஷின் ரூம் பக்கம் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"மத்தவங்க போடறது வேற, மாப்ள. இது நம்ம பொண்ணுது. நம்ம கெணறு. நாலு கிண்ணந்தானே?" என்றார் என்னிடம்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? அறிவியல் பேசியிருக்கலாம். பேசவில்லை. ஒரு கிண்ணம் என் கையில் கொடுக்கப்பட்டது. கரைத்தேன். மனைவிக்கு முன்னால் அறிவியல் பேசிய கணவன் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.

அப்புறம்தான் ஏசி நின்றது.

கொஞ்ச நேரத்தில் ஹாலே வெந்தது. பட்டுப்புடவைகள் தாம்பூலப் பைகளை எடுத்து விசிற ஆரம்பித்தன. மாப்பிள்ளையின் மேக்கப் காலர் வரை இறங்கிவிட்டது. சிவராஜ் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, மெஷினைப் பார்க்க இதுதான் நல்ல நேரம் என்று எழுந்தார். மச்சான் வழியை மறித்தார். லோ வோல்டேஜ் என்றார். முதலில் சாப்பிடலாம் என்றார். பாயசம் ஆறிவிடும் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"சொல்ப நோடோணா" என்று பெங்களூர் பழக்கத்தில், கொஞ்சம் பார்ப்போமே என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு நடந்தார் சம்பந்தி. பார்க்காமல் விடமாட்டார் போலிருந்தது.

ரேவதி எங்களுக்கு முன்னாலேயே மெஷின் ரூமில் இருந்தார். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்பானரோடு தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. சல்லடையைக் கழற்றி வாளியில் தட்டினார். செம்மண் கொட்டியது. பின்னாலேயே கொத்துக் கொத்தாக வேர். அதன் நுனியில் பச்சைப் பசேலென்று முளைகள்... நல்ல செழிப்பு.

ரேவதி மச்சானைப் பார்த்தார். மறுபடியும் சல்லடையைத் தட்டினார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இதென்ன என்று கேட்டார் சிவராஜ்.

"எவனோ குப்பையைக் கொண்டாந்து கொட்டிட்டுப் போயிருக்கானுங்க" என்றார் மச்சான்.

அதோடு விட்டிருப்போம். ஆனால் வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். அவள் கையால் விதைத்து, நாள் தவறாமல் தண்ணீர் தெளித்து வளர்த்த பயிர். அதைப் போய்க் குப்பை என்றால்?

"அண்ணா, அது நம்ம பொண்ணு பாலிகை. நீதான் கதவத் தெறந்து வுட்ட. குப்பைன்னு மட்டும் சொல்லாத" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

மச்சான் கம்ப்ரஸரைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பை நாலு கிண்ணம் மண்ணில் கரைத்துவிட்டு, நம்ம கிணறு நம்ம கிணறு என்று ஆளுக்கு ஒரு பக்கம் நின்றிருந்தோம்.

ரேவதி சல்லடையைக் கழுவி மாட்டினார். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் தெளிகிற வரை காத்திருந்து பட்டனைத் தட்டினார். மெஷின் ஓட ஆரம்பித்தது. ஹாலிலிருந்து கைதட்டல் கேட்டது. தாலி கட்டியபோதுகூட அவ்வளவு கைதட்டல் இல்லை.

சிவராஜ் மெதுவாகக் கேட்டார். மெஷின் சரி, தன்னுடைய கட்டிடத்தில் இந்த மாதிரி ஆகாது என்று கேரண்டி கொடுக்க முடியுமா என்றார்.

ரேவதி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மெஷினுக்கு எழுதியே தர்றேங்க சார். ஓனருக்குத் தர முடியாதுங்க."

போச்சு, ஆர்டர் போச்சு என்று நினைத்தேன். சிவராஜ் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சாப்பிடப் போய்விட்டார்.

இந்த நாட்டில் போர்டு என்பது எதற்காக என்று அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்தேன். அடுத்தவர் படிப்பதற்காக. உங்கள் தெருவில் 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று எழுதிய கேட்டுக்கு முன்னால் நிற்பது யாருடைய வண்டி? நேரமிருந்தால் விசாரித்துப் பாருங்கள். விதியை மீறுகிறவர்களில் பாதிப் பேர் அதை எழுதியவர்கள்தான். அவர்களைக் கேட்டால் விதி சரி என்றுதான் சொல்வார்கள். மற்றவர்கள் போடுவது வேற, அவ்வளவுதான்.

முந்தாநாள் ரேவதி போன் பண்ணினார். ஆர்டர் வந்துவிட்டது. சிவராஜ் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறாராம். தண்ணீர் வருகிற இடத்துச் சாவி ரேவதியிடம்தான் இருக்க வேண்டும். எவ்வளவு கெஞ்சினாலும் தன்னிடம் மட்டும் தரக் கூடாது. அவரும் ஒரு ஓனர் அல்லவா, தன்னைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரேவதி சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இதைக் கேள்விப்பட்ட மச்சானுக்கும் ஞானம் பிறந்துவிட்டது. தன் கையில் சாவி இருந்தால் ஆபத்து என்று நேற்று எங்கள் வீட்டுக்கே வந்தார். கிணற்றுச் சாவியை, இந்த உலகத்தில் தான் முழுசாக நம்புகிற ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகப் போனார். தன் தங்கையிடம்.

ஆவணியில் எங்கள் மகன் கல்யாணம், அதே மண்டபத்தில். என் மனைவி இன்றைக்குக் காலையில் சந்தைக்குப் போய்ப் பாலிகைக் கிண்ணம் வாங்கி வந்திருக்கிறாள் — இந்தத் தடவை கொஞ்சம் சின்ன சைஸ்.