அம்மா காய்ச்சிய ஸ்டீம் பியர்

வெள்ளிக்கிழமை தவறாமல் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர் எங்கள் அம்மா. லண்டனில், ஹரோவில் எங்கள் வீட்டுக்குள் மருந்துக்கென்றுகூடப் பிராந்தி வந்ததில்லை. அப்படிப்பட்டவர், எண்பதுகளின் கடைசியில் ஒரு வசந்தகாலம், கராஜுக்குள் பியர் காய்ச்சினார். கலிபோர்னியாவிலிருந்து மாமா வரப்போகிறார் என்பதுதான் காரணம்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தை விட்டுப் படிக்கப் போனவரை அம்மா அதன்பிறகு காணவேயில்லை. கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டு, கசெற்றில் பேசி அனுப்புவார். பழைய கசெற் ஒன்றில் அந்த ஊர்ப் பியரைப் பற்றி நீளமாகச் சொல்லியிருந்தார். தங்கம் தோண்ட வந்த சனத்துக்காகக் காய்ச்சத் தொடங்கியதாம். லாகர் என்ற பியர் வகைக்கான ஈஸ்டுக்குக் குளிர் வேண்டும். அங்கே அப்போது ஐஸ் இல்லை. அதனால் வெக்கையிலேயே புளிக்க விட்டார்கள். கொதித்த சாற்றைக் கூரைமேல் அகன்ற தட்டங்களில் ஆறவிட, தூரத்துக்கே ஆவி தெரியுமாம். அதனால்தான் ஸ்டீம் பியர் என்று சிலரும், பீப்பாயைத் திறந்தால் ஆவிபோலச் சீறுவதால் என்று சிலரும் சொல்வார்களாம். “இதைக் குடிக்கேக்கைதான் அக்கா, இதுவும் என்ரை ஊர் மாதிரிக் கிடக்கு” என்று முடித்திருந்தார். அம்மா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார்.

லைப்ரரியில் புத்தகம் எடுத்தார். அந்த நாளில் பியர் காய்ச்சும் சாமானும் விற்ற மருந்துக்கடையில் மோல்ட்டும் ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவும் ஈஸ்டும் வாங்கினார். ஹொப்ஸ் கொதித்த அன்று வீடு முழுக்கக் கசப்பு மணம்.

“உமக்கென்ன விசரோ? கோயில் ஆக்கள் அறிஞ்சால் என்ன சொல்லுவினம்?” என்றார் அப்பா.

“அப்பத்துக்கு மா புளிக்க வைக்கிறவளுக்கு இது ஏலாதோ?” என்றார் அம்மா.

ஏலும் என்றுதான் ஆயிற்று. போத்தல்களைக் கராஜில் வரிசையாக வைத்து, நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

ஏழு நாள் நிற்க வந்த மாமா படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அம்மா கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். பால் விடாத தேத்தண்ணி நிறம். மேலே வெள்ளை நுரை.

“நீங்களே அக்கா காய்ச்சினனீங்கள்?” என்றார் மாமா. கையை மடியிலேயே வைத்திருந்தார்.

“வேறை ஆர்? குடிச்சுப் பாரடா. அங்கத்தைப் பியர் மாதிரி வந்திருக்கோ?”

அவர் கிளாஸைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

“அதேதான் அக்கா” என்றபோது கண் கலங்கியிருந்தது. ருசியில்தான் என்று நாங்கள் நினைத்தோம். அம்மா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. இன்னொரு போத்தலும் உடைத்து ஊற்றினார். அந்தக் கிழமை முடியுமுன் கராஜ் காலி. அப்பாகூட, “உம்முடைய பியருக்கு நல்ல மதிப்புத்தான்” என்று பகிடி விட்டார்.

எங்களிடம் வருமுன்பே, குடியால் வேலை போய், ஆஸ்பத்திரியில் கிடந்து, மாமி பிள்ளைகளோடு வெளியேறப் போன கட்டத்தில் மாமா குடியை நிறுத்தியிருந்தார். அக்கா கவலைப்படுவா என்று எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இதெல்லாம் வளர்ந்தபிறகு மாமி சொல்லி அறிந்தது. திரும்பிப் போன மாமாவால் மறுபடி நிறுத்த முடியவில்லை. சில வருஷங்களில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டுக்குப் போன அம்மா, கேட்ட எல்லோருக்கும், “நான் காய்ச்சினதை என்ன ஆசையாக் குடிச்சவன்” என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவருக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. அறிந்தபிறகு நானும் சொல்லவில்லை.

மாமா எங்களோடு நின்ற அந்தக் கிழமை, ஒரு பின்னேரம் ரெலிபோன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். மாமி.

“மாமா என்ன செய்யிறார் பிள்ளை?”

“அம்மா காய்ச்சின பியர் குடிக்கிறார் மாமி. இது நாலாவது!” என்றேன் பெருமையாக.

அந்தப் பக்கத்தில் சத்தமில்லை. “கேக்குதோ மாமி?” என்று இரண்டு தரம் கத்திப் பார்த்தேன். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, அமெரிக்கா லைன் கட்டாகிவிட்டது என்று குசினிக்குள் போய் அம்மாவிடம் சொன்னேன்.