மூன்று அக்காக்களும் அம்மாவின் இரண்டு காதுகளும்

எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் எங்கள் குழு செய்துகொண்டிருந்த வேலை இதுதான்: ஒரே அழைப்பில் பலர் பேசும்போது, ஹெட்போனில் ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு திசையிலிருந்து வரவைப்பது. ஒரு குரல் இடது காதில் சற்று முன்னதாகவும் உரக்கவும் விழுந்தால், ஆள் இடப்பக்கம் இருப்பதாக மனம் நம்பிவிடும். எல்லோரும் ஒன்றாகப் பேசினாலும் பிரித்துக் கேட்கலாம்.

அது எங்கள் வீட்டுக்கே தேவைப்பட்டது. வெளியூர்களில் இருந்த என் மூன்று அக்காக்களுக்கும் அச்சு அசலாக ஒரே குரல். ஒரு ஞாயிற்றுக்கிழமை கான்ஃபரன்ஸ் காலில், "மசக்கை எப்படிடி இருக்கு?" என்று அம்மா கேட்டாள். கருவுற்றிருந்தவள் இரண்டாவது அக்கா. அப்போது பேசிக்கொண்டிருந்ததோ பெரியக்கா. கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை.

"நான் பெரியவ பேசறேம்மா," என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து பேசும்போது அம்மா வாய் திறப்பதேயில்லை. "நீங்க பேசுங்கடி, நான் கேக்குறேன்" என்று ஒதுங்கிவிடுவாள்.

மேலாளரிடம் அனுமதி கேட்டு, சோதனை லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துவந்தேன். அக்காக்கள் இணையம் வழியாக வந்தார்கள். ரேஷன் கார்டில் பெயர்கள் இருக்கும் வரிசைப்படி பெரியவளை இடப்பக்கம், இரண்டாமவளை நேர் எதிரே, மூன்றாமவளை வலப்பக்கம் என்று வைத்திருந்தேன். அம்மாவுக்கு ஒரு ஹெட்போன், எனக்கு ஒன்று.

மூவரும் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முகம் சுருங்கியது. "பேஜாரா இருக்குடி. எல்லாம் இடம் மாறிக் கெடக்குது."

"எந்த எடம்மா?"

"நம்ம பழைய ஜீவனஹள்ளி வீட்டுல படுக்குற எடம். பெரியவ எனக்கு வலது கைப்பக்கம், செவுத்தோரமா. ரெண்டாவது இந்தாண்ட, இடது பக்கம். மூணாவது கைக்குழந்தை, என் நெஞ்சு மேலயே தூங்கும். இருட்டுல யாரு கூப்புட்டாலும் லைட்டு போடாமலே தெரியும்."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன் கடைக்குட்டியான நான்.

"நீ எங்கடி இருந்த அப்போ!"

"இப்ப என்னை நெஞ்சு மேல போட்டுக்காதம்மா, எழுபது கிலோ," என்றாள் மூன்றாவது அக்கா.

அம்மா சொன்னபடியே நான் இடங்களை மாற்றிவைத்தேன். மூவரும் மறுபடி ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். அம்மா கண்களை மூடிக் கேட்டாள். பிறகு தலையை வலப்பக்கம் திருப்பி, "பெரியவளே," என்றாள். மற்ற இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

"அன்னிக்கு ஆள் தெரியாம கேட்டுட்டேன். மனசுல வெச்சிக்காதடி கண்ணு."

"அது ஒண்ணும் இல்லம்மா. நீ அப்புறம் பேசாமலே இருந்தியே, அதுதான் கஷ்டமா இருந்துச்சு," என்றாள் பெரியக்கா.

அம்மா ஹெட்போனின் வலப்பக்கத்தை உள்ளங்கையால் காதோடு சேர்த்துப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுடி," என்றாள்.