பெட்டி முன்னால் போன பயணம்

திருமயத்துக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே எங்கள் ஊர் ஸ்டேஷன் மிகச் சிறியது. ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு பெஞ்சு, உப்புக் கரிக்கும் கிணறு. சமஸ்தானம் இருந்த காலத்தில் இந்தப் பாதை போட்டபோது கரைக்கு மண் சுமந்தவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். ஆனாலும் எங்கள் வீட்டில் அதிகம் பேர் ரயில் ஏறியதில்லை. ஏறுகிறவர்களும் நேரம் பார்த்துத்தான் ஏறுவார்கள். காலை வண்டி எட்டு மணிக்கு. திங்கட்கிழமையென்றால் அது நட்ட நடு ராகுகாலம்.

அதற்கும் ஊரில் வழி வைத்திருந்தார்கள். முதல்நாளே நல்ல நேரம் பார்த்துப் பெட்டியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் ஆள் எப்போது போனாலும் தோஷமில்லை. பழைய ஸ்டேஷன் மாஸ்டருக்கு இது தெரியும். பெஞ்சுக்கடியில் எப்போதும் இரண்டு மூன்று பெட்டிகள் கிடக்கும்.

எனக்குத் திருச்சியில் ஆசிரியப் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு வந்தது ஒரு திங்கட்கிழமை. எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பு தேறியவள் நான் ஒருத்திதான். ஞாயிறு காலையில் அப்பா என் தகரப் பெட்டியைப் பூட்டி பெஞ்சுக்கடியில் வைத்துவிட்டு வந்தார். தேர்வில் காட்ட வேண்டிய எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்ப் புத்தகம் அதற்குள்தான் இருந்தது.

திங்கள் காலை போய்ப் பார்த்தால் பெஞ்சுக்கடியில் ஒன்றுமில்லை.

வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த மாஸ்டர் நிதானமாகச் சொன்னார். "கேட்பாரில்லாம கிடந்துச்சு. நேத்து சாயங்கால வண்டியில புதுக்கோட்டைக்கு அனுப்பிட்டேன். அதான் ரூல்."

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. "பொட்டியே போயிருச்சு. சகுனம் சரியில்லத்தா. வா, வீட்டுக்குப் போவம். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்றால் கல்யாணம். மாப்பிள்ளையும் பேசி வைத்தாயிற்று. திருமயம் பக்கமிருந்து வண்டியின் கூவல் கேட்டது. நிற்பது ஒரே நிமிஷம்.

"பொட்டி நல்ல நேரத்துலதானேப்பா வீட்ட விட்டுக் கெளம்புச்சு?"

"ஆமா."

"நாம பெஞ்சோட நிறுத்துனோம். அது நெசமாவே பயணம் போயிருச்சு. சகுனத்துக்கு இதுல என்ன கொறச்சல்?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் ஏறிவிட்டேன். அவர் ஏறவில்லை. அவருடைய பெட்டியை யாரும் முன்னால் வைக்கவில்லையே!

புதுக்கோட்டையில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் நேரம்தான் எனக்கு இருந்தது. பார்சல் ஆபீசுக்கு ஓடினேன். என் பெட்டி தராசுக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஒன்னுதுதான்னு எப்படிம்மா நம்புறது? தெறந்து காட்டு," என்றார் கிளார்க்.

சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. அவசரத்தில் இருவருக்குமே அது தோன்றவில்லை.

"பூட்டை உடைங்க சார்."

"எனக்கு அதிகாரமில்ல."

"எனக்கு இருக்கு. என் பூட்டு."

தராசிலிருந்த எடைக்கல்லை எடுத்து அடித்தேன். முதல் அடி தகரத்தில் விழுந்தது. வெளியே கார்டு விசில் ஊதினார். மூன்றாம் அடியில் பூட்டு வாயைப் பிளந்தது. புத்தகத்தைப் பிரித்து அங்க அடையாளம் எழுதியிருந்த பக்கத்தை அவர் முன் வைத்தேன். இடது முழங்கையில் மச்சம். அவர் புத்தகத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். வண்டி குலுங்கும் சத்தம் கேட்டது.

"கைநாட்டா, கையெழுத்தா?" என்று ரிஜிஸ்டரை நீட்டினார்.

"கையெழுத்து," என்று சொல்லிப் போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நகரும் வண்டியின் கடைசிப் பெட்டியில் யாரோ என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே இருந்த அம்மாள் உடைந்த பூட்டையே உற்றுப் பார்த்தாள்.

"யாரு வீட்டுப் பொட்டிடி அது?"

"என்னுதுதான்."

கீரனூரில் இறங்கும்வரை அவள் நம்பவில்லை. மத்தியானம் திருச்சியில் என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து உள்ளே போனேன்.